யானை எங்க நிக்குது? வால்பாறை தினமும் கேட்கும் கேள்வி

2025 பிப்ரவரி 4. வால்பாறை – பொள்ளாச்சி சாலையில் டைகர் வேலி என்கிற இடம். சாலையை ஒட்டி ஒரு யானை நிற்கிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. வனத்துறையினர், ‘யாரும் போகாதீங்க’ என்று தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழக்கமான காத்திருப்பு. அரை மணி ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். யானை நகர்ந்ததும் வண்டி நகரும், அவ்வளவுதான்.

ஆனால், மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்ற ஜெர்மனியிலிருந்து வந்திருந்த, 70 வயதைக் கடந்த ஒருவர் யானையைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தார். யானை வண்டியோடு சேர்த்து அவரைத் தள்ளியது. ஓரளவு எழுந்தவரை மறுபடியும் தாக்கியது. மருத்துவமனைக்குக் கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வீடியோ அன்று ராத்திரியே எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. ‘வால்பாறை இவ்வளவு ஆபத்தான இடமா?’ என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அதே சாலையில் வருஷம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர்களும் பால் வண்டிகளும் அரசுப் பேருந்துகளும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? வார இறுதியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

வால்பாறை எப்படிப்பட்ட ஊர்?

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கி.மீ. ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைச்சாலை தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் பச்சைப் பாய் விரித்தது போலத் தேயிலை.

மலை உச்சியில் ஒரே சமதளம் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மேடும் பள்ளமுமாக, மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ஓடை என்று அடுத்தடுத்துப் போகும். நடு ஆறு, கூழாங்கல் ஆறு, சோலையாறு, நீராறு என ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு தண்ணீர் ஓடுகிறது. இந்த ஆறுகள் இயல்பாக மேற்கே கேரளம் பக்கம் போக வேண்டியவை. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் அணைகளும் சுரங்கக் கால்வாய்களும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பி, கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குக் கொண்டு போகின்றன. பொள்ளாச்சித் தென்னைக்கும் வால்பாறை மழைக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு. மழைக்கு இங்கே பஞ்சமில்லை. பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் முன்வரிசையில் வருவது.

முக்கியமான விஷயம் வரைபடத்தில்தான் இருக்கிறது. கூகுள் மேப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். சுமார் 220 சதுர கி.மீ. தேயிலை, காபித் தோட்டங்கள். அதைச் சுற்றி நாலா பக்கமும் காடு. ஒரு பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் பரம்பிக்குளம், அடுத்து வாழச்சால் காடு, தென்கிழக்கே இரவிகுளம் வரை நீளும் புல்மலைகள். காட்டுக்கு நடுவே ஊர் ஒரு தீவு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற விலங்குக்கு, இந்தத் தீவைத் தாண்டித்தான் வழி.

தேயிலைக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?

மழைக்காடு. காடர், முதுவர், மலசர் உள்ளிட்ட பழங்குடிகள் வாழ்ந்த மலை இது. இன்றைக்கும் புலிகள் காப்பகத்துக்குள் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காபியும், அதன்பின் பெரிய அளவில் தேயிலையும் வந்தன. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட ஆங்கிலேய துரைகளில் கார்வர் மார்ஷ் என்பவருக்குச் சாலையோரத்தில் இன்றும் சிலை இருக்கிறது. ஆனால், கோடரி பிடித்தவர்களும் செடி நட்டவர்களும் சமவெளியிலிருந்து கூட்டி வரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள். மலேரியாவிலும் குளிரிலும் கடனிலும் அவர்கள் பட்ட பாட்டை, இந்தத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் நாவலாக எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழில் வந்த அந்த நாவல்தான் பாலாவின் ‘பரதேசி’ (2013) படத்துக்கு ஆதாரம்.

காடு முழுசாகப் போய்விடவில்லை. செங்குத்தான சரிவிலும், ஓடைக் கரையிலும், தோட்டத்துக்கு நடுவிலும் துண்டு துண்டாகத் தப்பித்து நின்றது. இவற்றைத் ‘துண்டுச் சோலைகள்’ என்கிறார்கள். சில சோலைகள் ஒரு பள்ளி மைதானம் அளவுக்குக்கூட இருக்காது. பார்ப்பதற்குச் சாதாரண மரக்கூட்டம். ஆனால், வால்பாறையின் இன்றைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தத் துண்டுகள்தான் சாவி. பகலில் யானைக்கு நிழல் இங்கேதான் கிடைக்கிறது. சிங்கவால் குரங்குக்கும் இருவாச்சிக்கும் வீடே இதுதான்.

ஒரு சாதாரண நாள் எப்படி நகரும்?

விடிந்ததும் லைன் வீடுகளில் அடுப்பு எரியும். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகள் இவை. காலையில் மஸ்டரில் பெயர் கொடுத்துவிட்டு, எந்தக் காடு என்று கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இங்கே ‘காடு’ என்றால் அன்றைக்குக் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலைப் பகுதி. இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு, காலில் பூட்ஸ், முதுகில் சாக்கு. ஒரு காலத்தில் விரலால் கிள்ளிய கொழுந்தை இப்போது பெரும்பாலும் கத்தரியால் வெட்டுகிறார்கள். எடை போடும்போதுதான் அன்றைய கூலிக் கணக்கு தெரியும்.

மழைக்காலத்தில் அட்டை. வெளியூர்க்காரர்கள் அட்டையைப் பார்த்ததும் அலறுவார்கள். இங்கே புகையிலைத் தண்ணீரோ உப்போ தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அட்டையால் பெரிய ஆபத்து இல்லை. செடிக்கு அடியில் படுத்திருக்கும் சிறுத்தைதான் பயம். அதனால்தான் தேயிலைக்குள் இறங்கும் முன் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இறங்குவது பலருக்கும் பழக்கம்.

சாயங்காலம் பள்ளி விட்டு, கடைசி பஸ் பிடித்து, கடையில் சாமான் வாங்கி வீடு திரும்பும் நேரம். வால்பாறையில் நாளின் முக்கியமான கேள்வி அப்போதுதான் வரும். ‘யானை எங்க நிக்குது?’ சென்னையில் ஒருவர் ‘டிராஃபிக் எப்படி?’ என்று கேட்பது போல, டீக்கடையிலும் பஸ்ஸிலும் போனிலும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். பதிலைப் பொறுத்து ஒருவர் வழியை மாற்றுவார், இன்னொருவர் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கிவிடுவார்.

இந்த வாழ்க்கையை விட்டுக் கிளம்பியவர்களும் நிறைய. 2001 கணக்கெடுப்பில் சுமார் 95 ஆயிரமாக இருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை, 2011-ல் சுமார் 71 ஆயிரமாகக் குறைந்தது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்திருக்கின்றன.

யானை ஏன் ஊருக்குள்ள வருது?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பதில் எளிது. யானை பழைய வழியிலேயே போகிறது, அந்த வழியில் இப்போது ஊர் இருக்கிறது. யானைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆற்றோரத்தைப் பிடித்தே நகர்கின்றன. நடு ஆறு, சோலையாற்றுக் கரைகளில் இருக்கும் மரங்கள் அவற்றுக்கு நிழல் தரும் நெடுஞ்சாலை. பகலில் துண்டுச் சோலைக்குள் நிற்கும். இருட்டியதும் தேயிலையைக் கடந்து அடுத்த சோலைக்குப் போகும். ஓர் ஆண்டில் 100 யானைகள் வரை இந்த மேட்டுநிலத்தைப் பயன்படுத்துவதாகக் கணக்கு. அதிகம் தென்படுவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை.

போகிற வழியில் அரிசி வாசம் வந்தால் நிற்கும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், லைன் வீட்டு சமையலறை ஆகிய மூன்றும்தான் அடிக்கடி உடைபடுகின்றன. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் ஒரே இடத்தில் மூட்டையாகக் கிடைத்தால் யானைக்கும் லாபம்தானே! சுவரை இடித்துத் தும்பிக்கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடும். இழப்பு ஒரு குடும்பத்துக்கு. ராத்திரியில் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பதும் அதே குடும்பம்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்?

வால்பாறையில் யானையால் ஏற்பட்ட உயிரிழப்புகளை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்த எம்.ஆனந்த குமாரும் அவரது குழுவினரும் பல வருஷம் ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்ப ஒரு விஷயம் தெரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த இடத்தில் யானை இருப்பதே தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்கள், விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பியவர்கள், திருப்பத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டவர்கள். ‘யானை வெறி பிடித்து ஊருக்குள் வந்து தாக்கியது’ என்று நாம் கற்பனை செய்வதற்கும் நடந்ததற்கும் நிறைய தூரம்.

அப்படியானால் மருந்தும் தெளிவு. யானை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி ஓடவிட்டார்கள். சாயங்காலம் சீரியல் ஓடும்போது திரைக்குக் கீழே ‘இன்ன எஸ்டேட்டில் யானை நிற்கிறது’ என்று வரி போகும். 2011 முதல் எஸ்எம்எஸ் வந்தது. பகலில் யானையைத் தேடிப் பார்க்கும் கண்காணிப்பாளர்கள் இடத்தைச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் பதிவு செய்தவர்களின் போனுக்குத் தகவல் போகும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. போனே கையில் இல்லாதவர்களுக்காக, முக்கியமான திருப்பங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு எல்இடி விளக்குகள் வைத்தார்கள். அந்தந்தப் பகுதியில் பொறுப்பான ஒருவர் தன் செல்போனிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும், யானை போனபின் அணைக்கலாம். தூரத்திலிருந்தே கண்ணில் படும். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

இதன்பின் உயிரிழப்புகள் குறைந்தன. ஆனந்த குமாருக்கு 2015-ல் சர்வதேச அளவில் மதிக்கப்படும் விட்லி விருது கிடைத்தது. கவனிக்க வேண்டியது, இதில் யானையை யாரும் விரட்டவில்லை. வேலியும் போடவில்லை, பள்ளமும் தோண்டவில்லை. மனிதர்களிடம் தகவல் போனது, மனிதர்கள் நடையை மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2025-லும் தோட்டப் பகுதிகளில் யானையால் உயிர்கள் போயின. அந்த வருஷம் ஜூனில் வீட்டருகே இருந்த ஒரு சின்னக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப் போனது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை அது. சிறுத்தைக்கு எஸ்எம்எஸ் கிடையாது. அது நகர்வதே தெரியாது. வீட்டை ஒட்டிய புதரை வெட்டுவது, தெருவிளக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, இறைச்சிக் கழிவை வெளியே போடாமல் இருப்பது என்று பாதுகாப்பு எல்லாம் சாதாரண வசதிகளில்தான் இருக்கிறது. தலைமுறையாக இங்கே இருப்பவருக்குச் சாயங்காலம் குழந்தையை வாசலில் விடக் கூடாது என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. போன மாதம் வந்து இறங்கிய குடும்பத்துக்கு மலையும் புதுசு, மொழியும் புதுசு. தகவல் கடைசியாகப் போய்ச் சேர்வது அவர்களுக்குத்தான்.

அவர்களுக்கு அடுத்து, ஒன்றும் தெரியாமல் இந்த மலையில் நடமாடும் இன்னொரு கூட்டம் உண்டு. சுற்றுலாப் பயணிகள்.

இ-பாஸ் எதுக்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்குப் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்த ஏற்பாடுதான் இது. கிளம்பும் முன் ஆன்லைனில் பதிவு செய்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழியாறு சோதனைச் சாவடியில் காட்டச் சொல்வார்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கும் அங்கேயே சோதிக்கப்படும்.

‘இன்னொரு தலைவலி’ என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால், ஒரு சின்ன ஊரின் ஒரே பிரதான சாலையில் தொடர் விடுமுறையில் எத்தனை வண்டி ஏறுகிறது என்பதே தெரியாமல் இருந்தால் எதையும் திட்டமிட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகள் எல்லாமே யானைகள் அதிகம் நடமாடும் அக்டோபர் – பிப்ரவரிக்குள் வருகின்றன. ஊரில் ஆட்கள் அதிகம் இருக்கும் நாளும் யானை அதிகம் இருக்கும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன.

சரி, போனால் என்ன பார்க்கலாம்?

நிறைய. ஆனால், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்ன ஒழுங்கு உண்டு.

வரையாடு: ஆழியாறிலிருந்து ஏறும்போது 9-வது கொண்டை ஊசி வளைவுக்கு அருகில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே அணை, எதிரே பாறைச் சரிவு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை டிக்கெட் எடுக்காமல், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய அபூர்வமான இடம் இது. ஆட்களுக்குப் பழகிப்போய் சாலைக்கே வரும். பிஸ்கட், சிப்ஸ் நீட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. தின்பண்டத்துக்குச் சாலையில் நிற்கப் பழகிய ஆடு, வளைவில் வரும் லாரிக்கு ஒதுங்காது.

சிங்கவால் குரங்கு: வால்பாறை ஊருக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத சிங்கவால் குரங்குகள் இங்கே ஒரு துண்டுச் சோலையில் கூட்டமாக வாழ்கின்றன. மரத்தைவிட்டு இறங்காமலே வாழ்ந்த குரங்கு இது. சோலை துண்டாகி, நடுவே சாலை வந்தபின் தரையில் இறங்கிக் கடக்கிறது. வண்டியில் அடிபடுகிறது. அதற்காகச் சாலைக்கு மேலே இரண்டு பக்க மரங்களையும் இணைத்துத் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும். வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் காவலர்களும் நிற்பதுண்டு. அவர்கள் கை காட்டினால் வேகத்தைக் குறையுங்கள். தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், குப்பையைப் பையிலேயே வைத்திருங்கள்.

இருவாச்சி: தலைக்கு மேலே ரயில் போவது போல ஓர் இரைச்சல் கேட்டால், அது பெரும்பாலும் மலை இருவாச்சியின் சிறகுச் சத்தம். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், ஒரு சின்ன வெடிப்பை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். உள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். வெளியே இருக்கும் ஆண் பறவை அத்திப்பழமும் மற்ற பழங்களும் கொண்டு வந்து ஊட்ட வேண்டும். ஆண் பறவை பயந்து வராமல் போனால், உள்ளே இருக்கும் குடும்பமே பட்டினி. கூட்டுக்குக் கீழே கூட்டமாக நின்று போட்டோ எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பெரிய பொந்து இருக்கும் மரம் ஒரு தலைமுறையில் வளர்ந்துவிடாது. சீரழிந்த துண்டுச் சோலைகளில் நாட்டு மரக் கன்றுகளை நட்டு மீட்கும் வேலையை இங்கே ஆய்வாளர்கள் 20 வருஷத்துக்கும் மேலாகச் செய்து வருகிறார்கள்.

ஆறு: கூழாங்கல் ஆற்றில் கணுக்கால் தண்ணீரில் குழந்தைகள் விளையாடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தெளிந்த தண்ணீர், உருண்டைக் கல், பார்க்க அப்பாவி ஆறு. ஆனால், வால்பாறையில் வெளியூர்க்காரர்களின் உயிரைப் பறிப்பதில் தண்ணீரும் உண்டு. 2023 அக்டோபரில் கோவையிலிருந்து சுற்றுலா வந்த 5 கல்லூரி மாணவர்கள் சோலையாறு பகுதியில் ஆற்றில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தார்கள். மலை ஆற்றில் ஒரு அடி தள்ளினால் ஆள் மூழ்கும் குழி இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே எங்கோ பெய்த மழை திடீரென்று வந்து சேரும். ஊர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் குளிக்காதீர்கள் என்ற ஒரே விதி போதும்.

தேயிலை: ரீல்ஸுக்கு எல்லோரும் இறங்குவது இங்கேதான். தேயிலைத் தோட்டம் பொது இடம் கிடையாது, ஒருவருடைய வேலையிடம். மருந்து அடித்த செடியாக இருக்கலாம். இடுப்பளவு செடிக்குள் என்ன படுத்திருக்கிறது என்று அங்கே தினமும் வேலை செய்பவருக்கே நிச்சயமில்லை. சாலையோரத்தில் நின்று எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும்.

யானையைப் பார்த்தால் என்ன செய்வது?

வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். பின்னால் போக இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்னால் வரும் வண்டி ஒட்டிக்கொண்டு நின்றால், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஹாரன் வேண்டாம். ஹை பீம், பிளாஷ் வேண்டாம். கீழே இறங்கவே வேண்டாம்.

கூட்டத்தில் குட்டி இருந்தால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். யானைக்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி மாட்டுவதுதான் மோசமான நிலைமை.

முன்னால் நிற்கும் வண்டியை முந்தாதீர்கள். அரசுப் பேருந்து நிற்கிறது என்றால் காரணம் இருக்கும். டிரைவர் அந்த வழியில் ஆயிரம் தடவை போனவர்.

இரவில் மலைச்சாலைப் பயணத்தைத் தவிருங்கள். சாலக்குடி பக்கம் மலக்கப்பாறை, வாழச்சால் வழியாகப் போவதாக இருந்தால் வனச் சோதனைச் சாவடிகள் இரவில் மூடியிருக்கும். நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தங்கும் இடத்தில் செக்-இன் செய்ததும் வைஃபை பாஸ்வேர்டோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ‘அண்ணா, யானை எங்க நிக்குது?’ சாயங்காலம் வெளியே போகும் முன் மறுபடி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடமாக இருந்தால், பக்கத்துக் கடையில் கேளுங்கள். ‘நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம், யானை காட்டுறோம்’ என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அது சட்டவிரோதம். டார்ச் அடித்துத் தொந்தரவு செய்யப்பட்ட யானை, அடுத்து சந்திக்கப்போவது வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகும் ஒருவராக இருக்கலாம்.

யார் காத்திருப்பது?

2022 நவம்பர். சாலக்குடியிலிருந்து வால்பாறைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து. நடுக்காட்டில், ‘கபாலி’ என்று அந்தப் பக்கத்து ஆட்கள் பேர் வைத்திருக்கும் கொம்பன் யானை எதிரே வந்துவிட்டது. திருப்பவோ ஒதுங்கவோ இடமில்லாத ஒற்றைச் சாலை. யானை முன்னேறி வர, டிரைவர் பேருந்தைப் பின்னோக்கி எடுத்தார். ஒன்றிரண்டு வளைவு இல்லை. சுமார் 8 கி.மீ. தூரம் ரிவர்ஸிலேயே வந்தார். கடைசியில் யானை காட்டுக்குள் இறங்கியது. பேருந்து மறுபடி முன்னோக்கிக் கிளம்பியது. ஒருவருக்கும் காயமில்லை.

டைகர் வேலியில் அன்று நின்ற வண்டிகளும் இதைத்தான் செய்தன. யானையைவிட அவசரமான வேலை அந்த நேரத்தில் யாருக்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டு நின்றன.

இரண்டு நாள் லீவில் வருபவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு பெரிய நஷ்டமாகத் தெரியலாம். லைன் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய அம்மாவுக்கும், டியூஷன் முடித்து வரும் பிள்ளைக்கும் அது வாரத்தில் எத்தனையோ நாள். அவர்கள் காத்திருப்பதால்தான் யானை பதற்றமில்லாமல் சாலையைக் கடந்து போகிறது. நீங்கள் சீண்டாமல் விட்டு வந்த யானையை, நீங்கள் ஊருக்குப் போனபின் அவர்கள்தான் எதிர்கொள்ளப் போகிறார்கள்.

அடுத்த தொடர் விடுமுறைக்கு 40 வளைவு ஏறுகிறீர்கள் என்றால், இ-பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. கூடவே, கையில் ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது நின்றால், நீங்களும் நிற்பதற்கு.